மெட்டியைக் கழற்றிவிட்டு ஏறுங்கள்

கேள்வி: எனக்கு வயது 36. வெள்ளவத்தையில் இருக்கிறேன், கோட்டையில் கணக்காளர் வேலை. இரண்டு பிள்ளைகள், இரண்டும் சிசேரியன், சின்னவருக்கு இப்போது மூன்று வயது. சின்ன வயதில் பரதநாட்டியம் பழகி வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சையில் நான்காம் தரம் வரை எடுத்தேன், பிறகு ஓ.எல். படிப்பு என்று விட்டாச்சு. என்னோடு வேலை செய்கிற ஒருவர் 'போல் டான்ஸ்' (pole dance, உலோகக் கம்பத்தில் ஏறிச் சுழன்று ஆடுகிற நடனம்) வகுப்புக்குப் போகிறார், ஒரு நாள் சும்மா பார்க்கப் போனேன், அன்றிலிருந்து அதே நினைவு. ஆனால் 78 கிலோ இருக்கிறேன், நடந்தால் தொடை இரண்டும் உரசும். கட்டைக் காற்சட்டை போட்டுக்கொண்டு ஆக்களுக்கு முன்னால் நிற்பதை நினைத்தாலே வியர்க்கிறது. கொஞ்சம் மெலிந்து, கொஞ்சம் தைரியம் வந்த பிறகு சேரலாமா? கணவரிடம் சொன்னேன், "உமக்கு விருப்பமென்றால் போமன்" என்றார். மாமி எங்களோடுதான் இருக்கிறார், அவருக்கு யோகா என்று சொல்லலாம் என்று யோசிக்கிறேன். தாலியோடு ஆடலாமா என்பதும் தெரியவில்லை. வகுப்பு சனிக்கிழமை காலையில். இந்த வயதில், இந்த உடம்போடு இது சரிவருமா, அல்லது பைத்தியக்காரத்தனமா?
வாசகி, கொழும்பு 6

தங்கச்சி (அப்படிக் கூப்பிடுகிறேன், குறை நினைக்க வேண்டாம், எனக்கு உங்களைவிட 12 வயது கூட), உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு வாசித்தால் மிச்சம் ஒன்றும் மண்டையில் ஏறாது. சரிவரும். 36 வயதில், 78 கிலோவோடு, இரண்டு சிசேரியனுக்குப் பிறகும் சரிவரும். ஒரேயொரு விஷயத்தை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும், அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். நாரி நோ, தோள் நோ, கழுத்துப் பிடிப்பு என்று வருகிற, நாள் முழுக்கக் கணினிக்கு முன்னால் இருக்கிற ஆக்கள்தான் என்னிடம் அதிகம். கொஞ்சப் பேர் நடனம் ஆடுகிறவர்கள். "மெலிந்த பிறகு" என்ற சொல்லை நான் கிழமைக்கு இரண்டு தடவையாவது கேட்கிறேன். மெலிந்த பிறகு நீச்சல் பழகுவேன், மெலிந்த பிறகு அந்த நீலச் சட்டையைப் போடுவேன், மெலிந்த பிறகு படம் எடுத்துக்கொள்வேன். அவர்களில் சிலர் உண்மையாகவே மெலிந்தார்கள், ஆனாலும் நீச்சல் குளத்துக்குப் போகவில்லை, எடை குறைந்ததும் "இந்தத் தோல் கொஞ்சம் இறுகட்டும்" என்று அடுத்த தவணை வந்துவிட்டது. நீங்கள் அந்த வரிசையில் போய் நிற்க வேண்டாம் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தைரியமும் அப்படித்தான். ஒரு ரீச்சர் என்னிடம் வந்தார், தோள்மூட்டு இறுகிப்போய் ஆறு மாதமாக வலது கையால் கரும்பலகையில் எழுதவில்லை. சிகிச்சையில் மூட்டு நன்றாக இளகிவிட்டது, நான் பிடித்து உயர்த்தினால் கை காதுவரை போகும், ஆனால் நீங்களே உயர்த்துங்கள் என்றால் கைக்கு முதல் முகம் சுருங்கும். பயப்படாதீர்கள் என்று எத்தனையோ தடவை சொல்லியிருப்பேன், ஒரு பிரயோசனமும் இல்லை. ஒரு நாள் வேறு ஏதோ கதைத்துக்கொண்டிருக்கும்போது அலுமாரியின் மேல்தட்டில் இருந்த துவாயை எடுத்துத் தாருங்கள் என்றேன். எட்டி எடுத்துத் தந்தார். தந்துவிட்டுத் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த கிழமை கரும்பலகையில் எழுதினேன் என்று சொன்னார், மேல் வரியில்.

அல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977 இல் எழுதியதும் இதைத்தான். "என்னால் முடியும்" என்ற நம்பிக்கைக்கு நாலு ஊற்றுகள் என்றார் அவர்: தானே செய்து பார்ப்பது, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, மற்றவர்கள் சொல்லித் தேற்றுவது, நெஞ்சு படபடக்கும்போது அதை நாம் எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பது. இதில் முதலாவதுதான் பலமானது. பாம்புக்குப் பயந்து நடுங்கியவர்களைப் படிப்படியாகப் பாம்புக்குக் கிட்டப் போகவும் தொடவும் பழக்கியபோது அந்தப் பயம் போனது மட்டுமில்லை, பாம்போடு சம்பந்தமே இல்லாத வேறு பயங்களும் சிலருக்குக் குறைந்தன. நீங்கள் அந்த வகுப்பைப் பார்க்கப் போனது இரண்டாவது ஊற்று, அதனால்தான் நினைவு உங்களை விடுகிறதில்லை. நான் எழுதுகிற இந்தப் பதில் மூன்றாவது. இது கொஞ்சத் தூரம்தான் கொண்டுபோகும்.

சரி, உங்களை வியர்க்க வைக்கிற கட்டைக் காற்சட்டைக்கு வருவோம்.

அதை அழகுக்காகப் போடுகிறார்கள் என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். கம்பம் வெறும் உலோகம், பெரும்பாலும் 45 மில்லிமீற்றர் விட்டம், குரோம் பூசியதாகவோ துருப்பிடிக்காத உருக்காகவோ பித்தளையாகவோ இருக்கும். துணி பட்டால் வழுக்கும், தோல் பட்டால் பிடிக்கும், அவ்வளவுதான் விஷயம். வெறும் கைப்பலத்தில் யாரும் அந்த உயரத்தில் அப்படி நிற்பதில்லை. உள்ளந்தொடை, முழங்காலின் பின்மடிப்பு, கணைக்காலின் முன்பக்கம், புறங்கால், பழகப் பழக முழங்கை மடிப்பு, கக்கம், இடுப்பின் பக்கச் சதை, இவைதான் ஆளைத் தாங்குகின்றன. நீங்கள் பஞ்சாபிக்குள்ளும் சேலைக்குள்ளும் இத்தனை வருடம் மறைத்து வைத்த இடங்கள் எவையோ, ஏறக்குறைய அவை எல்லாமே அங்கே வேலை செய்கிற இடங்கள். தொடை உரசுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நடக்கும்போது அது தொல்லை, எனக்கும் தெரியும். கம்பத்தில் அந்த உரசலைத்தான் பழக்குவார்கள், அது இல்லாவிட்டால் நிலத்துக்கு வந்துவிடுவீர்கள். மெல்லிய பிள்ளைகள் தொடை எலும்பில் கம்பம் இடிக்கிறது என்று முனகுவதை நான் வகுப்பிலேயே கேட்டிருக்கிறேன்.

வகுப்பில் என்றால், ஆம், நானும் போனேன். 44 வயதில். என்னிடம் தோள் நோவோடு வந்த ஒரு பெண் கம்பத்தில் கை எப்படி நிற்கிறது என்று எவ்வளவு விளக்கியும் எனக்குப் பிடிபடவில்லை, நேரில் பார்ப்போம் என்று போனவள் அங்கேயே சேர்ந்துவிட்டேன். முதல் மூன்று கிழமை என் கால் நிலத்தை விட்டு எழும்பவில்லை. கம்பத்தைச் சுற்றி நடக்கிறது, ஒரு காலை வீசிச் சுழன்று வந்து நிற்கிறது, அவ்வளவுதான். நாலாவது கிழமை கம்பத்தில் இருக்கப் பழக்கினார்கள். இரண்டு எட்டு மேலே ஏறி, கம்பத்தைத் தொடைகளுக்கு நடுவே விட்டு, ஒரு காலுக்கு மேல் மற்றக் காலைப் போட்டு இறுக்கி, உடம்பைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துவிட்டுக் கையை விட வேண்டும். ஆரோ உள்ளந்தொடையை நுள்ளி முறுக்குகிற மாதிரி இருந்தது. அந்த இடத்துத் தோலுக்கு அதுவரை வெயில்கூடப் பட்டதில்லை, அது எப்படித் தாங்கும்? "கையை விடுங்கோ அக்கா" என்று சொல்லிக்கொடுக்கிற பிள்ளை கீழே நின்று சொல்கிறது, விரல்கள் கேட்கவில்லை. வீதியில் பாண்காரரின் ஆட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு போனது, அது தூரம் போய்த் தேயும்வரைக்கும் நான் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டே இருந்தேன். பிறகு ஒரு கை. பிறகு மற்றக் கை. மூன்று மூச்சு விட்டிருப்பேன், கீழே வந்துவிட்டேன்.

அன்றைக்கு 100 ஆம் நம்பர் பஸ்ஸில் சனத்துக்குள் நின்றபடி வீட்டுக்கு வந்து, குளிக்கப் போகும்போது பார்த்தால் இரண்டு தொடையிலும் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து கிடந்தது. என் தொடையை நான் எத்தனையோ வருடமாகப் பார்த்திருக்கிறேன், எப்போதும் அதில் குறைதான் பார்த்திருக்கிறேன். இது என்னைத் தாங்கினது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். வேறு எந்த விதமாகவும் இதை உங்களுக்கு விளக்க எனக்குத் தெரியவில்லை, அதனால்தான் என் கதையைச் சொன்னேன்.

கம்பத்தில் ஏறுவது ஏதோ வெளிநாட்டு வித்தை என்று நினைக்கவும் வேண்டாம். யாழ்ப்பாணத்தில் பனையில் ஏறிக் கள்ளுச் சீவுகிறவரைப் பார்த்திருந்தால், காலில் தளைநார் போட்டு, இரண்டு பாதத்தாலும் மரத்தைக் கவ்விக்கொண்டு, கையை மேலே வைத்து, காலை இழுத்து, பிறகு காலை ஊன்றி எழும்புவார். வகுப்பில் பழக்குகிற ஏற்றமும் அதே கணக்குத்தான், தளைநாருக்குப் பதில் ஒரு காலின் கணைக்காலும் புறங்காலும் முன்னால், மற்றக் காலின் கெண்டைச் சதை பின்னால், நடுவில் கம்பம் நெரிபடும். கையால் இழுத்து ஏறப் பார்க்கிறவர்கள் இரண்டாவது எட்டில் களைத்துவிடுவார்கள். காலால் எழும்ப வேண்டும். சித்திரை வருடப்பிறப்பு விளையாட்டில் வழுக்கு மரம் ஏறுகிற பெடியன்கள் செய்வதும் இதுதான். மகாராஷ்டிரத்தில் மல்லர் கம்பம் என்று மரக்கம்பத்தில் ஒரு விளையாட்டே இருக்கிறது, 12 ஆம் நூற்றாண்டு நூலான மானசோல்லாசத்தில் மல்லர்களின் கம்பப் பயிற்சி சொல்லப்பட்டிருக்கிறது, இன்றைக்குப் பெண்பிள்ளைகளும் அதில் போட்டி போடுகிறார்கள்.

இனி அந்த ஒரு விஷயம். இரண்டு சிசேரியன் என்கிறீர்கள். தழும்பைப் பற்றி நான் கவலைப்படவில்லை, மூன்று வருடமாகிவிட்டது. நான் பார்க்கச் சொல்வது வயிற்றுத் தசையை. கர்ப்பகாலத்தில் வயிற்றின் நடுக்கோட்டில் இருக்கிற தசைகள் இரண்டு பக்கமும் விலகும், பலருக்குத் தானாகச் சேர்ந்துவிடும், சிலருக்குச் சேராது. இன்று இரவு கட்டிலில் வேண்டாம், நிலத்தில் பாயைப் போட்டு மல்லாந்து படுங்கள், முழங்காலை மடக்குங்கள், தொப்புளுக்குச் சற்று மேலே நடுக்கோட்டில் விரல்நுனிகளை வைத்துக்கொண்டு தலையை மட்டும் கொஞ்சம் உயர்த்துங்கள். இரண்டு பக்கமும் தசை இறுகும், நடுவில் எத்தனை விரல் இறங்குகிறது என்று பாருங்கள். இரண்டு விரலுக்கு மேலே இறங்கினாலோ, வயிற்றின் நடு ஒரு முகடு மாதிரி மேலே தள்ளினாலோ, முதலில் ஒரு பிசியோவிடம் காட்டுங்கள். இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசிகிறதா என்பதையும் அவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள், இதை எங்கள் பெண்கள் பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு வருகிற விதி என்று நினைத்துக்கொண்டு காலம் முழுக்கப் பொறுத்துக்கொள்கிறார்கள், அநேகமானவர்களுக்குச் சரியான பயிற்சியால் குறைக்கக்கூடிய விஷயம் அது. இரண்டும் இல்லையென்றால் போங்கள். இருந்தாலும் போகலாம், ஆனால் வயிற்றுக்கும் இடுப்படிக்கும் சில கிழமை பயிற்சி எடுத்துவிட்டு, சொல்லிக்கொடுக்கிறவருக்கும் சொல்லிவிட்டு.

பரதநாட்டியம் பழகினது வீண் போகவில்லை. அரைமண்டியில் நின்ற காலுக்குத் தாளமும் பாதத்தை நீட்டுகிற பழக்கமும் சீக்கிரம் திரும்பி வரும். ஆனால் பரதம் உங்கள் உடம்பை ஒரு நாளும் கையில் தொங்கவிடச் சொன்னதில்லை, ஆகவே கையும் தோளும் புதுப்பிள்ளைகள். தொங்கும்போது தோள் காதுக்குக் கிட்ட ஏறிவிட்டால் மூட்டின் தசைநார்கள்தான் பாரத்தை வாங்கும். தோள்பட்டையை முதுகுப் பக்கமாகக் கீழே இழுத்துப் பிடித்த பிறகுதான் பாரத்தைக் கொடுக்க வேண்டும், இதைக் கண்ணாடிக்கு முன்னால் வெறுமனே நின்றுகொண்டே பழகலாம். வலது பக்கம் வந்துவிட்டது என்று வலது பக்கமே சுழலாதீர்கள், என்னிடம் வருகிறவர்களின் தோள் நோவுக்கு நான் அடிக்கடி பார்க்கிற காரணம் இந்த ஒருபக்கப் பழக்கம். கிழமைக்கு ஒரு வகுப்பு, கூடினால் இரண்டு, நடுவில் இரண்டு நாள் ஓய்வு. தலைகீழாகப் போவதைப் பற்றி இப்போது நினைக்கவே வேண்டாம். எட்டிப் பாய்ந்து காலை உதறாமல், மெதுவாக வயிற்றுப் பலத்தால் காலைத் தூக்க முடிகிற நாள் வரும், அது மாதக்கணக்கு. முதல் மாதமே உங்களைத் தலைகீழாகப் போட்டுப் படம் எடுக்கிற வகுப்பென்றால் வேறு வகுப்பைத் தேடுங்கள்.

தாலி. நல்ல கேள்வி கேட்டீர்கள், நிறையப் பேர் கேட்காமலே கொடியைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு ஏறுகிறார்கள். கழற்ற வேண்டும். கழுத்தில் தொங்குகிற கொடி கம்பத்துக்கும் கைக்கும் நடுவே மாட்டினால் அறுவது கொடியாக இருந்தால் அதிர்ஷ்டம். மோதிரம், காப்பு, கொலுசு எல்லாம் கழற்ற வேண்டும், அவை உங்களையும் வெட்டும், கம்பத்தையும் கீறும், கீறின இடத்தில் அடுத்தவரின் தோல் கிழியும். முக்கியமாக மெட்டி. அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஏறும்போது பாதம் முழுவதும் கம்பத்தோடு நெரிபடுகிறது, மெட்டி விரலுக்குள் பதிந்துவிடும். சிசேரியனுக்கு தியேட்டருக்குள் கொண்டுபோகும்போது இரண்டு தடவையும் தாலியைக் கழற்றி ஆரிடமாவது கொடுத்துவிட்டுத்தான் போயிருப்பீர்கள், அநேகமாக மாமியிடம். ஒன்றும் ஆகவில்லைதானே? ஒரு சின்னப் பையில் போட்டு வீட்டிலேயே சாமித்தட்டில் வைத்துவிட்டு வாருங்கள், வகுப்பில் கழற்றி எங்கேயாவது வைத்தால் மனம் அதிலேயே இருக்கும்.

உடை பற்றி ஒரே நாளில் முடிவெடுக்கத் தேவையில்லை. முதல் நாள் முழங்கால் தெரிகிற அளவு சைக்கிள் காற்சட்டையும் தளர்ந்த ரீ சேட்டும் போதும், நடையும் சுழற்சியும் அதோடு செய்யலாம். கம்பத்தில் இருக்கப் பழக்கும்போதுதான் தொடையின் மேல்பகுதி வெளியில் தெரிய வேண்டி வரும், அதற்குள் அந்த அறையில் இருக்கிற எல்லோருடைய முழங்காலும் உங்களுக்குப் பழகியிருக்கும், அவர்களுக்கு உங்களுடையதும். அங்கே எல்லோரும் தங்கள் தங்கள் வழுக்கலோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்பார்கள்.

வழுக்கல் என்றதும், கொழும்பு வெக்கையைச் சொல்ல வேண்டும். எங்கள் காற்றில் இருக்கிற ஈரத்தில் உள்ளங்கை சும்மா இருந்தாலே பிசுபிசுக்கும். வகுப்புக்கு முதல் கை கால்களுக்கு கிறீம், தேங்காயெண்ணெய், லோஷன் ஒன்றும் பூசக் கூடாது, காலையில் பூசியிருந்தாலும் பின்னேரம் கம்பத்தில் தெரியும். மல்லர் கம்பத்தில் வழுக்க வேண்டும் என்றே ஆமணக்கெண்ணெய் பூசுவார்கள், அவர்களுடைய கணக்கு வேறு. இங்கே சின்னத் துவாயும் ஸ்பிரிட்டும் வைத்திருப்பார்கள், ஒவ்வொருவரும் ஆடி முடிந்ததும் கம்பத்தைத் துடைப்பார்கள். ஏசியை மிகவும் கூட்டினாலும் கரைச்சல், கம்பம் குளிர்ந்து தோல் வறண்டு பிடிக்காமல் போகும்.

தோல் கன்றி நீலமாகும். அதை உங்களிடம் ஒளிக்கக் கூடாது. புறங்கால், கணைக்கால், உள்ளந்தொடை, முழங்காலின் பின்பக்கம், முதல் இரண்டு மூன்று மாதம் நிறையவே வரும், ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு கிழமையில் மஞ்சளாகி மறையும், பழகப் பழகக் குறையும். அஸ்பிரினோ இரத்தம் உறைவதைத் தடுக்கிற வேறு மருந்தோ எடுக்கிறவர்கள் வைத்தியரைக் கேட்காமல் போக வேண்டாம். தோல் எரிவது பரவாயில்லை. முழங்கையின் உள்பக்கம் எலும்பில் குத்துகிற நோ, கையை உயர்த்தும்போது தோளுக்குள் கிள்ளுகிற நோ, விரல் விறைப்பது, இதில் எது வந்தாலும் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். இன்னும் ஒன்று: உங்கள் அவரிடம் இந்த நீலங்களைப் பற்றி இப்போதே சொல்லி வையுங்கள். பிள்ளைகளும் கேட்பார்கள், குடும்ப வைத்தியரும் கேட்பார், என்னைப் போன்ற ஆக்கள் கட்டாயம் கேட்போம், ஒரு பெண்ணின் காலில் நீலத்தைக் கண்டால் வீட்டில் அடி விழுகிறதா என்றுதான் எங்கள் மனம் முதலில் போகும், போகவும் வேண்டும்.

அதனால்தான் மாமிக்கு யோகா என்று சொல்லாதீர்கள் என்கிறேன். யோகாவில் உள்ளந்தொடை நீலமாகாது. பொய் நிற்காது, நிற்காத பொய்யை நினைத்து நீங்கள் ஒவ்வொரு சனிக்கிழமையும் களவெடுத்த பிள்ளை மாதிரிப் படியேறி வருவீர்கள், தைரியம் தேடிப் போகிறவருக்கு அது எதிர்த்திசை. எல்லாவற்றையும் முதல் நாளே விரித்துச் சொல்லவும் வேண்டியதில்லை. "ஒரு உடற்பயிற்சி வகுப்புக்குப் போகிறேன் மாமி, கம்பத்தில் ஏறுகிற பயிற்சி, சின்னவனைச் சனிக்கிழமை காலையில் இரண்டு மணித்தியாலம் பார்த்துக்கொள்ளுங்கோ" என்றால் அத்தனையும் உண்மை. கேட்டால் காட்டுங்கள்.

கேட்பார், அது வெளிநாட்டு கிளப்புகளில் ஆடுகிற ஆட்டம்தானே என்று. இதற்கு ஒரு சுலபமான பதில் இருக்கிறது, இது விளையாட்டு, 2009 இல் இதற்கு ஒரு சர்வதேச சம்மேளனம் வந்தது, 2012 இல் லண்டனில் உலகப் போட்டி நடந்தது, நாங்கள் அந்தப் பெண்கள் மாதிரி இல்லை என்று. சம்மேளனமும் போட்டியும் உண்மை. கடைசித் துண்டை மட்டும் சொல்லாதீர்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். இன்றைக்கு வகுப்புகளில் பழக்குகிற சுழற்சிகளிலும் ஏற்றங்களிலும் எத்தனையோ, வட அமெரிக்க இரவு விடுதிகளில் உடை களைந்து ஆடிப் பிழைத்த பெண்கள் கண்டுபிடித்துக் கைமாற்றியவை. 1990களில் அங்கிருந்துதான் இது வெளியில் உள்ள பெண்களுக்கு வந்தது.

நீங்கள் நான்காம் தரம் வரை ஆடிய பரதத்தை நினைத்துப் பாருங்கள். அதற்குச் சதிர் என்று பெயர் இருந்த காலத்தில் நல்ல வீட்டுப் பிள்ளை ஆடுகிற ஆட்டம் இல்லை என்று எங்கள் ஆக்கள் அதையும் ஒதுக்கி வைத்தார்கள். பிராமணக் குடும்பத்துப் பெண்ணான ருக்மிணி தேவி 1935 இல் சென்னை அடையாறில் மேடையேறியபோது எழுந்த எதிர்ப்புக் கொஞ்சநஞ்சம் இல்லை. அவருக்கு முதலில் சொல்லிக்கொடுத்தவர் மயிலாப்பூர் கௌரி அம்மாள், கபாலீஸ்வரர் கோயிலில் ஆடிய தேவதாசி மரபில் வந்தவர். நடனம் மரியாதையோடு மேடைக்கு வந்தது, அதைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிக் கொண்டுவந்த பெண்களுக்கு அந்த மரியாதை வரவில்லை. இதை நாங்கள் ஒரு தடவை செய்துவிட்டோம். மாமியிடம் இவ்வளவும் பேச வேண்டியதில்லை, உங்களுக்குள் தெளிவாக இருந்தால் போதும், அப்புறம் அவர் என்ன கேட்டாலும் குரல் நடுங்காது.

சேருவதற்கு முதல் அந்த வகுப்பில் நாலு விஷயம் கேளுங்கள். கைத்தொலைபேசிக்கு என்ன விதி, ஆராவது அனுமதி இல்லாமல் படம் எடுத்தால் என்ன செய்வார்கள்? இதற்கு ஒழுங்கான பதில் இல்லாத இடத்துக்குப் போகவே வேண்டாம், எங்கள் ஊரில் ஒரு படம் ஒரு பின்னேரத்துக்குள் எத்தனை வீட்டுக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். கம்பத்துக்குக் கீழே தடித்த மெத்தை இருக்கிறதா, ஒரு கம்பத்துக்கு எத்தனை பேர், தொடங்க முதல் தோளையும் மணிக்கட்டையும் இளக்குவதற்குக் கால் மணித்தியாலமாவது கொடுக்கிறார்களா? 78 கிலோவை ஒழுங்காகப் பூட்டின கம்பம் தாங்கும், கேட்டால் எவ்வளவு பாரத்துக்கென்று அவர்களே சொல்வார்கள். வீட்டுக்கு ஒரு கம்பம் வாங்குகிற யோசனை இப்போது வேண்டாம். தரைக்கும் கூரைக்கும் நடுவே இறுக்கி நிறுத்துகிற கம்பங்களுக்கு மேலே கொங்கிறீற் தட்டு இருக்க வேண்டும், அஸ்பெஸ்டஸ் தகட்டிலோ அலங்காரச் சீலிங்கிலோ முட்டுக் கொடுத்தால் கூரையும் வரும் நீங்களும் வருவீர்கள்.

வெள்ளிக்கிழமை எண்ணெய் வைத்துத் தலைமுழுகுகிற வழக்கமென்றால் இந்த ஒரு கிழமை சீயக்காயோடு நிறுத்துங்கள். சனிக்கிழமை காலையில் தாலியையும் மெட்டியையும் சாமித்தட்டில் வைத்துவிட்டு, சின்னவனை மாமியிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். முதல் நாள் கால் நிலத்தை விட்டு எழும்பாது, அடுத்த கிழமையும் அநேகமாக எழும்பாது. நாலைந்து வகுப்புக்குப் பிறகு எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள், எந்தத் தொடையில் முதல் நீலம் வந்தது என்றும் எழுதுங்கள்.